அன்னச் சிறகும் தசமபாகமும்: இளையோர் மறுபுனைவுகளில் பழமரபுக் கதையின் வேலை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே தந்த விளக்கங்கள் சில சுருக்கப்பட்டுள்ளன.)

நாட்டார் வழக்காறும் அச்சிலக்கியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் ஊருக்குத் தொலைவிலுள்ளது. ஆங்கிலத்தில் இளையோருக்கென்று எழுதப்படும் தேவதைக் கதை மறுபுனைவுகள், அவற்றில் வந்து கலக்கும் பழைய ஐதிகங்கள் ஆகியவற்றைப் பற்றியது இந்தப் பேச்சு. பொருள் தொலைவிலிருந்தாலும் கேள்வி நமக்குப் பழகியதுதான். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' படித்தவர்களுக்கு, பழங்கதையை மறுபடி சொல்வது என்றால் என்ன என்று புதிதாக விளக்க வேண்டியதில்லை. கல்லாய்க் கிடந்தவள் எழுந்து நடந்த பிறகு என்ன ஆனாள் என்று கேட்ட கதை அது. இன்று நான் பேசப்போகும் நாவல்களும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

இந்த நாவல்கள் பதின்பருவத்தாரை மனத்தில் வைத்து எழுதப்படுபவை, அல்லது அவர்கள் தாமாகத் தேடி எடுத்துக்கொள்பவை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு தேவதைக் கதையின் போக்கை எடுத்துக்கொண்டு, அதில் அதைவிடப் பழைய, ஒரு நாட்டுக்கோ ஓர் ஊருக்கோ உரிய ஐதிகத்தை ஒட்டுக்கட்டுவது இவற்றின் வழக்கம். 'அழகியும் மிருகமும்' கதையோடு ஸ்காட்லாந்து எல்லைப்புறக் கதைப்பாடல் சேர்கிறது. அன்னமாகிப்போன அண்ணன்மார் கதையோடு அயர்லாந்தின் சோகக்கதை சேர்கிறது. இதைப் பற்றி இரண்டு கருத்துகள் பரவலாக உள்ளன. புதுமைக்காகச் செய்யப்படும் அலங்காரம் என்பது ஒன்று. குழந்தைக் கதையை வேண்டுமென்றே இருட்டாக்குகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. தேவதைக் கதை தான் நடந்த இடத்தையும், அதன் மங்கள முடிவுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் மறந்துவிடும் இயல்புடையது. பழமரபுக் கதை இரண்டையும் மறப்பதில்லை. குழந்தைப் பருவத்தை விட்டு வெளியே வரும் வாசகர் கேட்கத் தொடங்குவது இந்த இரண்டையும்தான். ஆகவே மறுபுனைவை இளையோருக்குரியதாக்குவது பழமரபுக் கதைதான் என்பது என் வாதம். ஒட்டு உண்மையில் பிடித்திருக்கிறதா என்று அறிய ஓர் உரைகல்லும் உண்டு. பழமரபுக் கதை வந்ததால் தேவதைக் கதையின் முடிவு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1. முதலில் இரண்டு வகைக் கதைகளையும் பிரித்துக்கொள்வோம். கிரிம் சகோதரர்கள் இவற்றை ஒரே புத்தகத்தில் போடவில்லை. குழந்தைகளுக்கும் வீட்டாருக்குமான கதைகள் என்ற தொகுப்பு 1812-இலும் 1815-இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. ஜெர்மானியப் பழமரபுக் கதைகள் என்ற வேறு தொகுப்பை 1816-இலும் 1818-இலும் வெளியிட்டார்கள். தேவதைக் கதை கவிதைத்தன்மை மிகுந்தது, பழமரபுக் கதை வரலாற்றுத்தன்மை மிகுந்தது, பின்னது ஓர் ஊரையோ ஒரு பெயரையோ பற்றிக்கொண்டு நிற்பது என்று அவர்களே வேறுபடுத்தினார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூத்தி 1947-இல் வெளியிட்ட நூலில் இதை இன்னும் நுட்பமாக்கினார். தேவதைக் கதையில் ஓநாய் பேசினால் யாரும் திடுக்கிடுவதில்லை. விரலை வெட்டினால் வலிப்பதில்லை. ஏழாண்டு நடந்து வந்தவளுக்கு வயது ஏறுவதில்லை. பழமரபுக் கதையிலோ வேற்றுலகத்தைக் கண்டவன் நடுங்குகிறான். திரும்பி வந்தாலும் பழைய ஆளாக வருவதில்லை. நமக்கும் இந்த வேறுபாடு காதிலேயே தெரியும். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று பாட்டி தொடங்கினால் எந்த ஊர் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. நல்லதங்காள் கதை அப்படியில்லை. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில், ஏழு பிள்ளைகளைப் போட்டுத் தானும் விழுந்த கிணறு இதுதான் என்று காட்டுகிறார்கள். காட்டுவதற்குக் கிணறு இருக்கும்போது கேட்பவரின் அழுகையே வேறாகிவிடுகிறது. கதை முடிந்த பிறகும் அந்தக் கிணறு அங்கேயே இருக்கிறதல்லவா?

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தேவதைக் கதையின் மறதியில் ஒரு பகுதி இயல்பானதென்றால் மறு பகுதி செய்யப்பட்டது. கிரிம் தொகுப்பின் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் கோபுரத்தில் இருக்கும் ராப்புன்ஸல், தன் உடைகள் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகின்றன என்று வெகுளியாகக் கேட்கிறாள். அவள் கருவுற்றிருப்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். அடுத்த பதிப்பிலேயே அந்தக் கேள்வி காணாமற்போனது. பிரெஞ்சு நாட்டில் 1740-இல் வில்நேவ் சீமாட்டி பெரியவர்களுக்காக எழுதிய நீண்ட 'அழகியும் மிருகமும்' கதையில், மிருகம் இரவுதோறும் என்னுடன் படுப்பாயா என்றே கேட்கிறது. 1756-இல் லெப்ரான்ஸ் தெ போமோன் அதைச் சுருக்கியபோது அந்தக் கேள்வி திருமணக் கேள்வியாயிற்று. அவர் லண்டனில் செல்வர் வீட்டுப் பெண்களுக்கு ஆசிரியையாக இருந்தவர். அந்தச் சுருக்கம் வந்த நூலும் ஓர் ஆசிரியையும் அவளது மாணவியரும் உரையாடும் வடிவில் அமைந்ததுதான். பிடிக்காத, முன்பின் தெரியாத ஒருவரோடு மணவாழ்வுக்குப் போகப்போகும் சிறுமிகளுக்கு அந்தக் கதை பொறுமையையும் நன்றியையும் கற்றுத்தந்தது. ஆக இளையோருக்கான மறுபுனைவு இன்று முளைத்ததில்லை. நம் கையில் உள்ள செம்பதிப்பே 270 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஓர் இளையோர் மறுபுனைவு. அதில் எதை நீக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால், இப்போதைய எழுத்தாளர்கள் எதைத் தேடிப் பழமரபுக் கதைகளிடம் போகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

2. அன்னங்களின் கதையை விரிவாகப் பார்ப்போம். கிரிம் தொகுப்பில் 49-ஆவது கதை 'ஆறு அன்னங்கள்'. மாற்றாந்தாய் ஆறு அண்ணன்மாரை அன்னங்களாக்கிவிடுகிறாள். அவர்களை மீட்கத் தங்கை ஆறு ஆண்டுகள் பேசாமலும் சிரிக்காமலும் இருந்து, விண்மீன் வடிவப் பூக்களால் ஆறு சட்டைகள் தைக்க வேண்டும். அவளைக் கண்டு மணந்த அரசனின் தாய், பிறந்த குழந்தைகளை ஒளித்துவிட்டு, இவளே தின்றுவிட்டாள் என்று பழி சுமத்துகிறாள். எரிக்கப்போகும் நேரத்தில் ஆறாண்டுக் கெடு முடிகிறது; அன்னங்கள் பறந்து வருகின்றன; சட்டைகளை எறிகிறாள். ஆறாவது சட்டையில் இடக்கை மட்டும் தைத்து முடியவில்லை. கடைசி அண்ணன் ஒரு பக்கம் சிறகோடு மனிதனாகிறான். எல்லாரும் மகிழ்ந்திருந்தார்கள் என்று கதை முடிந்துவிடுகிறது. அந்தச் சிறகோடு அவன் எப்படிச் சாப்பிட்டான், எப்படித் தூங்கினான், ஊரார் முகத்தில் எப்படி விழித்தான் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1838-இல் ஆண்டர்சன் 'காட்டு அன்னங்கள்' எழுதியபோது அண்ணன்மார் பதினொருவரானார்கள், பூக்களுக்குப் பதில் கல்லறைத் தோட்டத்துச் செந்தட்டி வந்தது. சிறகு மட்டும் அங்கேயும் விளக்கமின்றி நின்றது.

அயர்லாந்துக் கதை வேறு தன்மையது. லிர் என்பவரின் பிள்ளைகள் நால்வர்: ஃபினூலா, ஏத், இரட்டையர் ஃபியாக்ரா, கான். சிற்றன்னை ஈஃபா, அவர்களுடைய தாயின் உடன்பிறந்தவளே, அவர்களை அன்னங்களாக்குகிறாள். கெடு 900 ஆண்டு. டெரவரா ஏரியில் 300, அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான மொய்ல் கடலில் 300, மேற்குக் கரைக்கப்பால் இனிஷ்குளோரா தீவுப் பக்கம் 300. மூன்றும் இன்றும் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள். இங்கே மீட்கும் தங்கை கிடையாது, அக்காளும் அன்னமாகிவிட்டாள். பனியும் புயலும் அடிக்கும் கடலில் தம்பிமாரைத் தன் சிறகுக்குள் அணைத்துக்கொள்கிறாள். பேச்சும் பாட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. முடிவில் கிறித்தவக் கோயில் மணி கேட்கிறது, சாபம் நீங்குகிறது, சிறகு உதிர்கிறது. உள்ளே இருந்தவர்கள் நூற்றாண்டுகள் கடந்த முதுமக்கள். ஞானஸ்நானம் பெற்று இறந்து ஒரே குழியில் அடக்கமாகிறார்கள். காலம் கடந்துபோனதை இந்தக் கதை மறக்கவே இல்லை. டப்ளின் நகரின் நினைவுத் தோட்டத்தில், விடுதலைக்காக இறந்தவர்களின் நினைவாக, 1971-இல் வைக்கப்பட்ட ஆஷீன் கெல்லியின் சிற்பம் இந்த நால்வரும் உருமாறும் கணத்தைக் காட்டுவது. துயரத்தைத் தேதியோடும் இடத்தோடும் வைத்திருக்கும் கதையைத்தான் ஒரு நாடு தன் துயரத்துக்கு அடையாளமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் ஜூலியட் மாரிலியர் 1999-இல் எழுதிய 'டாட்டர் ஆஃப் தி ஃபாரஸ்ட்' இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தது. பெரியவர்களுக்கான நாவலாக வந்தாலும், பதின்பருவத்தார் விரும்பும் பெரியவர் நூல்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் தரும் அலெக்ஸ் விருதை அது பெற்றது. கதைப்போக்கு கிரிம் உடையது: ஆறு அண்ணன்மார், சிற்றன்னை ஊனா, வாய் திறக்காமல் முள்செடியை நூலாக்கிச் சட்டை நெய்யும் தங்கை சோர்கா. மண் மட்டும் அயர்லாந்து. ஏழு நீரோடைகள் சேரும் ஏரி, அதைச் சூழ்ந்த காடு, பிரித்தானியர் பிடித்துக்கொண்ட புனிதத் தீவுகள், அவற்றை மீட்கத் தலைமுறைகளாக நடக்கும் சண்டை. இடம் வந்ததும் கதை என்ன ஆகிறது என்று பாருங்கள். கிரிம் கதையில் பெண்ணைக் கண்டெடுக்கும் அரசனுக்கு நாடு எது என்பது பொருட்டில்லை. இங்கே அவளைக் காப்பாற்றும் ஹ்யூ, எதிரி நாட்டுக்காரன். அவளை அழைத்துப்போன வீட்டில் அவள் பேசாத சூனியக்காரி மட்டுமல்ல, பகைவர் மகளும்கூட. அவளுக்கு எழும் ஆபத்து மாமியார் பொறாமையால் மட்டும் வருவதில்லை, அரசியலால் வருகிறது. முடிவும் திரும்பிவிடுகிறது. தேவதைக் கதையில் பெண் அரண்மனைக்குப் போவாள். இங்கே ஹ்யூ தன் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவளுடைய காட்டுக்கு வருகிறான். உரைகல்லில் தேய்த்தால் இதுதான் பொன் நிறம் காட்டும் இடம்.

மௌனம் பற்றியும் சொல்ல வேண்டும். கிரிம் கதையின் பெண்ணுக்கு ஆறாண்டுக்காலம் மனத்தில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது. அயர்லாந்துக் கதையின் அன்னங்களோ பாடிக்கொண்டே இருப்பவை. மாரிலியர் வாய்மூடிய பெண்ணுக்கு அந்த அன்னங்களின் குரலைக் கொடுத்துவிட்டார்: நாவல் முழுவதையும் சொல்பவள் சோர்காவேதான். உலகத்தோடு பேசாத ஒருத்தி வாசகரோடு பேசிக்கொண்டே வருகிறாள். இரு மரபுகளும் முரண்படும் புள்ளியிலிருந்தே நாவலின் வடிவம் பிறந்திருக்கிறது. இதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது? சிறகையும் மாரிலியர் விடவில்லை. மனிதனாகத் திரும்பும் அண்ணன்மாரில் ஃபின்பாருக்கு ஒரு கை சிறகாகவே நிற்கிறது. சாபத்துக்கு முன் அந்தக் குடும்பத்தின் மனச்சாட்சியாக இருந்தவன் அவன். திரும்பிய பின் மனிதருக்குள் அவனால் பொருந்த முடியவில்லை.

3. அடுத்தது, தொடக்கத்தில் சொன்ன எல்லைப்புறக் கதைப்பாடலான 'டாம் லின்'. ஸ்காட்லாந்தின் செல்கர்க் ஊருக்கு அருகே எட்ரிக் ஆறும் யாரோ ஆறும் கூடும் இடத்தில் கார்ட்டர்ஹா என்ற தோப்பு உண்டு. ஜேனட் என்ற பெண் அங்கே ரோஜா பறிக்கிறாள். டாம் லின் தோன்றி ஏன் பறித்தாய் என்கிறான். இடம் தனக்கு உரிமையானது என்கிறாள் அவள். பிறகு அவள் கருவுறுகிறாள். அவன் மனிதன்தான் என்றும், குதிரையிலிருந்து விழுந்தபோது வேற்றுலக ராணி கவர்ந்து சென்றாள் என்றும் அறிகிறாள். அந்த உலகத்தார் ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குத் தசமபாகம் கட்ட வேண்டும், இம்முறை அது தானாக இருக்குமோ என்று அவன் அஞ்சுகிறான். சகல பரிசுத்தர் திருநாளுக்கு முந்தைய இரவு, ஊர்வலத்தில் வரும் வெள்ளைக் குதிரையிலிருந்து அவனை அவள் இழுத்துப் பிடிக்க வேண்டும். பாம்பாவான், கொடிய விலங்காவான், பழுத்த இரும்பாவான்; பிடியை விடக் கூடாது. விடாமல் பிடித்து மீட்கிறாள். இந்தக் கதையின் பெயர் 1549-ஐ ஒட்டி வந்த ஒரு ஸ்காட்லாந்து நூலிலேயே குறிக்கப்படுகிறது. ராபர்ட் பர்ன்ஸ் கொடுத்த பாடம் 1796-இல் அச்சேறியது. ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு தொகுத்த 305 கதைப்பாடல்களில் இது 39-ஆவது. ராப்புன்ஸலிடமிருந்து நீக்கப்பட்ட கர்ப்பம் இங்கே நீக்கப்படாமல் இருப்பதைக் கவனியுங்கள். தசமபாகம் என்ற சொல்லும் முக்கியம். மாயத்துக்கும் கட்ட வேண்டிய வரி உண்டு, அதை யாரோ ஓர் உயிர் கட்டுகிறது என்ற எண்ணம் தேவதைக் கதையில் காணக் கிடைக்காது.

மிருகமாக இருப்பவனைப் பெண் மீட்பது என்ற அளவில் இந்தக் கதைப்பாடலும் 'அழகியும் மிருகமும்' வகையும் உறவுக்காரர்கள். ஆனால் அழகி பொறுத்துக்கொள்கிறாள். ஜேனட் இழுத்துப் பிடிக்கிறாள். டயானா வின் ஜோன்ஸ் 1985-இல் எழுதிய 'ஃபயர் அண்ட் ஹெம்லாக்' இந்த உறவின் மேல் கட்டப்பட்டது. இக்கால இங்கிலாந்தில் பாலி என்ற பத்து வயதுச் சிறுமி ஒரு பெரிய வீட்டின் சாவுச் சடங்குக்குள் தவறி நுழைந்து தாமஸ் லின் என்ற இசைக்கலைஞரைச் சந்திக்கிறாள். அந்தப் பெயரிலேயே டாம் லினும், வேற்றுலக ராணியிடம் பொய் சொல்ல முடியாத நாக்கைப் பெற்ற எர்சில்டூன் ஊர்த் தாமஸும் ஒளிந்திருக்கிறார்கள். வீட்டுக்காரி லாரலுக்கு ஒன்பதாண்டுக்கு ஒருமுறை ஓர் உயிர் வேண்டும். தேவதைக் கதையின் பக்கமிருந்து வருவது கணவனை விளக்கேற்றிப் பார்த்து இழந்த பெண்ணின் கதை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அப்புலேயஸ் எழுதிய க்யூபிட், சைக்கீ கதைவரை செல்லும் வேர் அது. பாலியும் அப்படியே, நம்பிக் காத்திருக்க முடியாமல், மந்திரம் செய்து தாமஸை ஒளிந்து பார்க்கிறாள். அதன் விளைவாக அவரைப் பற்றிய நினைவையே இழக்கிறாள். பத்தொன்பது வயதில் தனக்கு இரண்டு அடுக்கு நினைவுகள் இருப்பதைக் கண்டுபிடிப்பதிலிருந்துதான் நாவல் தொடங்குகிறது.

முடிவில் ஜோன்ஸ் செய்தது துணிச்சலானது. கதைப்பாடல் தெரிந்த வாசகர் பாலி தாமஸை இறுகப் பிடித்துக்கொள்வாள் என்று காத்திருக்கிறார். லாரல் வைத்த விதிப்படி, தாமஸுக்கு உதவும் எதுவும் அவருக்கே எதிராகத் திரும்பும். ஆகவே பாலி அவரைக் கைவிட்டாக வேண்டும். உன்னை இனிப் பார்க்கவே விரும்பவில்லை என்று மனமாரச் சொல்ல வேண்டும். பிடியை விடுவதே மீட்பாகிறது. தந்தையும் தாயும் மாறிமாறித் தன்னை வெளியே தள்ள, பாட்டியின் வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, ஒருவரைப் பற்றிக்கொள்வது எது, உடைமையாக்கிக்கொள்வது எது என்று பிரித்தறிவதைவிடக் கடினமான பாடம் இருக்க முடியாது. லாரல் மனிதரைப் பற்றி வைத்திருப்பதும் ஒரு பிடிதானே. பழமரபுக் கதையை இவ்வளவு ஆழமாக மதித்ததால்தான் அதை இவ்வளவு முழுமையாகத் தலைகீழாக்க ஜோன்ஸால் முடிந்தது. இந்த வகையில் எழுதப்பட்டவற்றுள் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

மிகப் பரவலாகப் படிக்கப்படும் உதாரணம் சாரா ஜே. மாஸ் 2015-இல் வெளியிட்ட 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்'. முதலில் இளையோர் நூலாக வந்து பின்னர் பெரியவர் பதிப்பாக மாற்றப்பட்டது. நொடித்துப்போன வணிகர், மூன்று மகள்கள், இளையவள் ஃபேராவை அழைத்துப்போகும் மிருகம் என்பது போமோனின் கதை. மிருகத்தின் பெயர் டாம்லின், அவன் நெஞ்சு கல்லாகச் சபிக்கப்பட்டிருக்கிறது, அவனை மீட்கப் பெண் வேற்றுலக அரசியிடம் சோதனைகளுக்கு உட்படுகிறாள் என்பது கதைப்பாடலின் பக்கம். இதில் குறைகள் பல. வேல்ஸ் நாட்டு மே மாத முதல் நாளான கலன்மாய் இங்கே வேட்கை பொங்கும் ஓர் இரவுக் காட்சிக்குப் பெயராக மட்டும் பயன்படுகிறது. பிரித்தானிய வரைபடத்தின் சாயலில் நிலமும் பெயர்களும் வருகின்றன, அவற்றின் நினைவு வருவதில்லை. ஆனாலும் இரண்டு இடங்களில் பழமரபு உண்மையாகவே வேலை செய்கிறது. கடைசிச் சோதனையில் ஃபேரா குற்றமற்றவர்களைத் தன் கையால் கொல்ல வேண்டியிருக்கிறது. 2016-இல் வந்த இரண்டாம் நூல் அந்தக் கொலைகளின் நினைவில் அவள் தூக்கமிழந்து உடல் மெலிவதிலிருந்து தொடங்குகிறது. அதே நூலில் டாம்லின் தன் குடிமக்களிடம் தசமபாகம் வசூலிக்கிறான். கொடுக்க ஒன்றுமில்லாத நீர்வாழ் பெண்ணுக்குத் தன் நகைகளைக் கழற்றிக் கொடுக்கிறாள் ஃபேரா. கதைப்பாடலில் எவன் தசமபாகமாகப் போகவிருந்தானோ அவனே இங்கே தசமபாகம் கேட்பவனாக அமர்ந்திருக்கிறான். பிறகு காப்பாற்றுவதாகச் சொல்லி அவளை வீட்டுக்குள் அடைத்துவைக்கிறான், அவள் விட்டுப் போகிறாள். போமோன் 'மணந்துகொள்' என்று முடித்த கதையை இந்தத் தசமபாகம் திறந்துவிட்டது.

4. இவை இளையோருக்கு ஏன் வேண்டும்? எட்டு வயதுக் குழந்தைக்குத் தேவதைக் கதையின் மறதி ஒரு பாதுகாப்பு. அது பறிக்கப்படக் கூடாது. பதினைந்து வயதில் நிலைமை வேறு. வீட்டார் சண்டையில் தனக்கும் பங்குண்டா, தனக்குக் கிடைத்த வசதிக்கு விலை கொடுத்தது யார், ஒருவரைக் காதலிப்பதென்றால் அவருக்காக எதையெல்லாம் பொறுக்க வேண்டும் என்ற கேள்விகள் அந்த வயதில் முதன்முறையாகச் சொல்லாக மாறுகின்றன. அந்த வாசகரிடம் மங்கள முடிவை அப்படியே நீட்டினால் பொய் என்று தள்ளிவிடுவார். பழமரபுக் கதையை மட்டும் நீட்டினால், 900 ஆண்டுத் துயரமும் ஒரு சவக்குழியும் மட்டும் மிஞ்சும். ஒன்று தரும் நம்பிக்கையை மற்றொன்றின் கணக்கில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இரண்டும் சேரும்போதுதான் கிடைக்கிறது.

5. இனி மறுப்புகள். கலப்பதால் இரண்டு மரபுகளும் கெடுகின்றன என்பது முதல் மறுப்பு. கலக்காத மரபு எங்கே இருந்தது? அன்னமான பிள்ளைகளின் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டு இறுதியில் 'தோலோபாத்தோஸ்' என்ற லத்தீன் நூலில் ஏற்கெனவே இருக்கிறது. பின்னர் அது அன்ன வீரன் கதையோடு சேர்ந்து, சிலுவைப் போர்த் தலைவர் காட்ஃப்ரே தெ பூயோனின் குலக்கதையாக ஒட்டப்பட்டது. தேவதைக் கதையை ஐதிகத்தோடு ஒட்டுக்கட்டியவர்கள் இடைக்கால மக்களே. லிர் கதையிலும் பழைய அயர்லாந்துத் தெய்வக்குடியும் கிறித்தவ மணியோசையும் ஒரே நூலில் சேர்ந்திருக்கின்றன. பர்ன்ஸும் தான் கேட்டதை அப்படியே பதிவு செய்தவரல்லர். ஆகவே கலந்தது ஏன் என்ற கேள்வியைவிட, கலந்தவை ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்ற கேள்வியே பயன்படும்.

இருட்டு அதிகம், இளையோருக்கு ஏற்றதல்ல என்பது இரண்டாவது. இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். மாரிலியரின் நாவலில் மௌனவிரதத்தில் இருக்கும் சோர்கா பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள், கத்தவும் முடியாது. எந்த வயதில் யார் கையில் கொடுப்பது என்பதை ஆசிரியரும் நூலகரும் வீட்டாரும் பொறுப்போடு தீர்மானிக்க வேண்டும். ஆனால் தேவதைக் கதையின் தொகுப்பாளர்கள் நீக்கியது வன்முறையை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ராப்புன்ஸலின் கர்ப்பத்தை நீக்கிய அதே கைகள், 'ஆறு அன்னங்கள்' கதையில் மாமியாரை உயிரோடு எரித்ததை விட்டுவைத்தன. பெண்ணின் உடலுக்கு நேர்வது மறைக்கப்பட்டது, தண்டனை மறைக்கப்படவில்லை. மாரிலியர் நேர்ந்ததைச் சொல்கிறார். அதன்பின் ஓர் ஆண் அருகில் வந்தாலே அவள் உடல் எப்படிச் சுருங்குகிறது என்பதையும், ஹ்யூ எத்தனை காலம் தொலைவில் நின்று காத்திருக்கிறான் என்பதையும் சொல்கிறார். மறைத்த கதையைவிட இதுவே இளம் வாசகரைக் கண்ணியமாக நடத்துவது என்று நான் கருதுகிறேன்.

யாருடைய ஐதிகத்தை யார் எடுப்பது என்பது மூன்றாவது மறுப்பு, மூன்றிலும் கனமானது. ஓர் ஊரின் துயரம் வேறொருவருக்குச் சரக்காகிவிடும் ஆபத்து உண்மையானது. கலன்மாய் பற்றி மேலே சொன்னதும் அந்த வகைக் குறைதான். பிறப்புச் சான்று பார்த்து இதைத் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எடுத்துக்கொண்ட கதைக்கு எழுத்தாளர் செவிகொடுத்தாரா என்று பார்ப்பதே வழி. அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் லிம் 2021-இல் எழுதிய 'சிக்ஸ் கிரிம்சன் க்ரேன்ஸ்' ஆறு அண்ணன்மாரையும் நாரைகளாக்கிக் கிழக்காசியச் சாயலுள்ள ஒரு நாட்டில் வைக்கிறது. அதில் மாற்றாந்தாய் இளவரசி ஷியோரியின் தலையில் கழற்ற முடியாத ஒரு மரக்கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறாள். இது ஜப்பானின் கவாச்சி மாகாணத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஹாச்சிகாஸுகி கதையிலிருந்து வந்தது. அங்கே கிண்ணத்தைக் கவிழ்ப்பவள் சாகும் தறுவாயிலுள்ள பெற்ற தாய். ஊர் சிரித்த அந்தக் கிண்ணத்துக்குள்தான் மகளுக்கான செல்வம் இருந்தது. லிம் கிண்ணத்தைக் கடன் வாங்கியதோடு அதன் பொருளையும் வாங்கிக்கொண்டார். நாவல் முழுக்க நாம் வெறுத்த மாற்றாந்தாய், அந்தப் பெண்ணைத் தேடி வரும் பகைவர் கண்ணிலிருந்து அவளை மறைக்கவே கிண்ணத்தைக் கவிழ்த்தாள் என்பது கடைசியில் தெரிகிறது. கிரிம் கதையில் எந்தப் பதிப்பிலும் மன்னிக்கப்படாதவள் இங்கே தாயாகிறாள். அவளைப் புரிந்துகொள்ளும்போது அவள் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. ஷியோரியின் தலையில் கிண்ணம் இப்போது இல்லை.